எள்ளலும் நகையும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன் வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. எள்ளலை அவர் முதற்கண் வைத்தமை நோக்கற்பாலது. இவ்விடத்து உரை வகுக்கும் இளம்பூரணர், செயிற்றியனார் கூற்றினைக் காட்டி நகை தோன்றும் இடங்களை எண்ணிச் செல்கின்றார். முடவர் நடை, மடவோர் சொல் முதலியவற்றோடு ஆரியர் பேசுந் தமிழும் அவ்வரிசையில் வருகின்றது. ஆகவே, நம் மொழியைப் பிறர் தடுமாறிப் பேசக் கேட்டு நாம் நகுவது இன்று நேற்று வந்த வழக்கன்று. உடற்குறை கண்டு நகுதல் தகாதென ஒப்புக்கொண்ட நாம், பேச்சுக் கேட்டு நகுதலை மட்டும் இன்னும் விட்டோமில்லை.

இப்பழைய வழக்கினை இலங்கை வானொலி ஒருகாற் புதுவழியிற் கையாண்டது. 1970களில் எந்தையார் தலைமுறையினர் விரும்பிக் கேட்ட ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர் நாடகம், 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. முஸ்லிமாகிய மரிக்கார், யாழ்ப்பாணத்தவராகிய அப்புக்குட்டி, சிங்களவராகிய உபாலி, இவர்களோடு ஓர் ஐயர். நால்வரும் தத்தம் பேச்சு வழக்கிலேயே உரையாடினர். மரிக்காராக நடித்தவர் எஸ். ராம்தாஸ், உபாலியாக எஸ். செல்வசேகரன், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், திரையில் ஐயராகத் தோன்றியவரோ பி. எச். அப்துல் ஹமீத். முஸ்லிம் பாத்திரத்தை ராம்தாசும், அந்தணர் பாத்திரத்தை முஸ்லிம் ஒருவரும் ஏற்றமை காண்க. அப்பாத்திரப் பெயர்கள் பின்னர் நடிகர் பெயருக்கு முன் அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராம்தாஸ் என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

உபாலியின் கொச்சைத் தமிழ் கேட்டு நகுதலும் எள்ளலன்றோ என ஒருவர் வினவலாம். வினவுதல் முறையே. சிங்களவர் ஒருவரை அழைத்து வந்து அவர் தமிழை மட்டும் இழித்துக் காட்டியிருப்பின் அது செயிற்றியனார் காலத்து நகையே ஆகும். இங்கோ, செந்தமிழ் பேசுவோர் எவருமிலர். அப்புக்குட்டியின் யாழ்ப்பாண வழக்கும் மரிக்காரின் வழக்கும் அதே தட்டில் நிறுக்கப்பட்டன. பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்து, தான் பிறரை எள்ளி நகுதலோடு, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதலையும் சேர்ப்பர். இவ்விரண்டாவது வகை சமநிலையினரிடத்தன்றி நிகழாது. 1963இல் தோன்றிய ‘சிரித்திரன்’ இதழின் சவாரித்தம்பரைக் கண்டு யாழ்ப்பாணத்தார் நகைத்ததும் இவ்வகையினதே.

எனினும் நமக்கொரு மனக்குறை உண்டு. அந்நால்வருள் மலையகத்தவர் ஒருவரேனும் இலர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. வானொலியில் நண்பர் நால்வர் சிரித்து விளையாடிய ஆண்டுகளிலேதான், மலைநாட்டிலிருந்து குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் தலைமன்னாருக்கு இரயிலேறின. தெளிவத்தை ஜோசப்பின் கதையில் 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது என்பது உண்மையே. ஆனால், ஒருவருக்காக இரங்குதல் வேறு, அவரை நம் கேலிக்கூட்டத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுதல் வேறு.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், பெயர் கூற விரும்பாத நகரப் பாடசாலையொன்றிற் கற்பித்தோம். பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வராமை பற்றித் தோட்டத்துச் சிறுவன் ஒருவனை வினவியபோது, “அம்மா காலையிலயே பிரட்டுக்குப் போயிட்டாங்க சேர்” என்றான். காலையில் ஆளெண்ணி வேலை பகிரும் இடம் பிரட்டுக்களம். மலையிற் பிறந்த குழந்தையும் அறியும். வகுப்போ ‘புரட்டு’ என்று கேட்டுக் கொல்லெனச் சிரித்தது. நாமும் முறுவலித்தோம் என்பதை மறைத்தலாகாது. அத்தவணை முழுவதும் அச்சிறுவன் வகுப்பில் வாய் திறந்திலன்.

ஆண்டுகள் பல கழிந்து கொத்மலைக்கு வந்தபின், நம் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். கோமாளிகள் நால்வரையும் நம் தோட்டமொன்றுக்கு வரவழைத்து, ஐந்தாம் பாத்திரம் ஒன்றை நீங்களே படைத்து எழுதுக என்பது பணி. கங்காணியைப் படைத்தார் சிலர். கவ்வாத்து வெட்டுபவரைப் படைத்தார் சிலர். மாணவி ஒருத்தியோ கொழுந்து பறிக்கும் பாட்டியைப் படைத்தாள். தேயிலை நாட்டுக்கு வந்த நால்வரும் நல்ல தேநீர் கேட்கின்றனர். பாட்டி தருவது தூள் தேயிலைச் சாயம். அப்புக்குட்டி முகஞ்சுளிக்க, பாட்டி கூறுகிறாள்: “நல்லதெல்லாம் ஒங்க ஊருக்கு அனுப்பிட்டோமுங்க. அத அங்கனயே குடிச்சிட்டு வந்திருக்கலாமில்ல?”

அதனை வகுப்பில் உரக்கப் படித்தாள். ‘அனுப்பிட்டோமுங்க’ என்னும் இடத்தில், பிறர் சிரிக்குமுன் அவளே சிரித்துவிட்டமையால், எஞ்சிய வரியை அயலில் இருந்தவள் வாங்கிப் படிக்க நேர்ந்தது.