முதுமையில் மூளை: எம்ஆர்ஐ ஆய்வில் சேர நினைக்கும் சிட்னி, மெல்பர்ன் தமிழர்களுக்கு முழுமையான வழிகாட்டி

‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று ஒரு வரி ஸ்கேன் அறிக்கையில் இருந்தால் போதும், வீடே கலங்கிவிடுகிறது. அது வயதுக்கு ஏற்றதுதானா என்பதை மருத்துவர் எப்படி அறிவார்? நோயில்லாத ஏராளமானோரின் மூளையை முன்பே யாரோ அளந்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த வேலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. நம் பெரியவர்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: என்ன அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். ஒரு வகைப் படத்தில் மூளையின் பகுதிகளின் கன அளவையும், 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும் வெளி அடுக்கான புறணியின் தடிமனையும் கணினி கணக்கிடுகிறது. ‘ஃப்ளேர்’ என்ற வகையில், சிறு ரத்தக்குழாய்கள் தளர்ந்த இடங்கள் வெண்புள்ளிகளாகத் தெரியும். அறுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இவை கொஞ்சமாவது இருக்கும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும்.

நடுவயதுக்குப் பிறகு ஆரோக்கியமான மூளையும் மெல்லச் சுருங்குகிறது; ஆண்டுக்கு ஏறக்குறைய அரை சதவீதம் என்பது பொதுவான கணக்கு. நெற்றிப் பகுதியும், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸும் கூடுதலாகத் தேயும். பார்வைப் பகுதி அவ்வளவாகத் தேயாது.

படி 2: ஒரே படம் ஏன் போதாது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். இன்று முப்பது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு முழுவதும் வயதால் வந்ததல்ல. எண்பது வயதுக்காரரின் குழந்தைப் பருவ உணவு வேறு, பள்ளிப்படிப்பு வேறு; சிலருக்குப் போரும் இடப்பெயர்வும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அதே ஆளை ஆண்டுகள் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.

சிட்னி நினைவு மற்றும் முதுமை ஆய்வு 2005இல் அப்படித்தான் தொடங்கியது. டிமென்ஷியா இல்லாத, 70 முதல் 90 வயது வரையிலான 1,037 பேரை, நகரின் கிழக்குப் பகுதியில் வாக்காளர் பட்டியலைக் கொண்டு அழைத்துச் சேர்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்மிந்தர் சச்தேவ், ஹென்றி பிராடட்டி இருவரும் அதை வழிநடத்தினார்கள். சச்தேவ் டெல்லி எய்ம்ஸில் மருத்துவம் படித்தவர். பங்கேற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எம்ஆர்ஐக்கும் சம்மதித்தார்கள். முதல் சுற்றிலேயே ஸ்கேன் கருவியை மாற்ற வேண்டி வந்தது. கருவி மாறினால் அளவும் சற்று மாறும். ஆண்டுக்கு அரை சதவீத மாற்றத்தைத் தேடும்போது அது சின்ன விஷயமல்ல. அதனால் எந்தக் கருவி என்பதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். இதேபோல், மெல்பர்னிலும் பெர்த்திலும் 2006இல் தொடங்கிய ‘ஏபிள்’ (AIBL) என்ற முதுமை ஆய்வில் 1,112 பேர் சேர்ந்தார்கள்.

படி 3: மொழியைப் பற்றி முதலிலேயே கேளுங்கள்

சிட்னி ஆய்வில் சேர, சோதனைகளுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. எம்ஆர்ஐக்கு மொழி தேவையில்லை. ஆனால் ஸ்கேனோடு சேர்த்து நடத்தும் நினைவுச் சோதனைகளுக்குத் தேவை. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் 95,000க்கும் அதிகமானோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மம்மாவின் மூளை எந்த அளவுகோலிலும் சேராமல் போவது நியாயமில்லை.

இதற்கு வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. மொழியும் படிப்பும் குறுக்கே வராதபடி அமைந்த ‘ரூடாஸ்’ சோதனை சிட்னியிலேயே உருவாகி 2004இல் வெளியானது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரத்துக் கிராமத்தினரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், ஆங்கிலத்தை எதிர்பார்க்காமலே, எம்ஆர்ஐ உட்பட ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. எனவே எந்த ஆய்வுக்கு அழைப்பு வந்தாலும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

படி 4: கையெழுத்துக்கு முன்

தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளோடு வாசியுங்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். ஆய்வு ஸ்கேன் நோயைக் கண்டறிவதற்கானது அல்ல. தற்செயலாகக் கட்டியோ வேறு எதுவுமோ தென்பட்டால் யார், எப்படித் தெரிவிப்பார்கள் என்பதைக் கட்டாயம் கேட்டுவையுங்கள்.

படி 5: ஸ்கேன் நாளில்

3 டெஸ்லா கருவியின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல 50,000 மடங்குக்கும் மேல் வலியது. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் வைத்த கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி எதுவானாலும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். தாலிக்கொடியில் கோத்த ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைப்பது நல்லது. தாலியைக் கழற்ற மனம் வராத அம்மாக்கள் உண்டு. அதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், கதவருகே வாக்குவாதம் வேண்டாம். உள்ளே அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு அழுத்துபந்தும் இருக்கும். பயந்தால் அமுக்கலாம், உடனே வெளியே எடுத்துவிடுவார்கள்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

‘உங்கள் மூளையின் வயது இத்தனை’ என்று கணினி சொல்லும் எண் எங்கேனும் கிடைத்தால், அதை ஒரு தனி மனிதருக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்டுகள் பிழை இருக்கும் மதிப்பீடு அது. அடுத்த சுற்று எப்போது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் ஆய்வுக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது படம் இல்லாவிட்டால் உங்கள் மூளை எப்படி மாறியது என்பதை அவர்களால் அளக்கவே முடியாது.