ஏழு கிலோவும் ஒரு மேரி பிஸ்கட்டும்: சைக்கிளில் ஓர் இரவு தங்கப் போகிறவர்களுக்கு

போன வருஷம் ஜூன் மாதம், செமஸ்டர் லீவில், தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்கு சைக்கிளில் போய் வழியில் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம் என்று நானும் என் கிளாஸ்மேட்டும் கிளம்பினோம். ஒரு வழி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். திருவையாறு வரை ரோடு, அதற்கப்புறம் காவிரிக் கரையை ஒட்டி மேற்கே திருக்காட்டுப்பள்ளி, பிறகு கல்லணை. மேடு, மலை எதுவும் கிடையாது. "இதெல்லாம் ஒரு தூரமா?" என்றுதான் நினைத்தேன்.

என் சைக்கிள் கியர் வைத்தது. பார்க்க கெத்தாக இருக்கும், ஆனால் கேரியர் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் முதுகுப் பையில் திணித்தேன். டபுள் லேயர் டென்ட், ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு, அதற்கு இரண்டு பாத்திரம், இரண்டு ஜீன்ஸ், ட்ரைபாட். தண்ணீர் இல்லாமலே 12 கிலோ. அவனிடம் இருந்தது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் தொங்கும் கட்டைப்பை, மேலே ஒரு பாய்ச்சுருள். மொத்தம் ஐந்து கிலோகூட இருக்காது. "என்ன மாப்ள, மளிகைக் கடைக்குப் போறியா?" என்று கிண்டல் பண்ணினேன். அந்தக் கிண்டலுக்கான பதில் ராத்திரி பத்து மணிக்குக் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கணக்கு.

எடை உண்மையிலேயே மிதிக்க விடாதா?

சைக்கிளில் கேம்பிங் போவது பற்றி எந்த வீடியோ பார்த்தாலும் "எடையைக் குறை, எடையைக் குறை" என்பார்கள். காரணம் கேட்டால் மிதிப்பது சுலபம் என்பார்கள். மலையில் அது சரி. டெல்டாவில்? முதல் வருஷ மெக்கானிக்ஸை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம்.

தட்டையான ரோட்டில் கூடுதல் எடை செய்கிற ஒரே வேலை, டயரின் உருளும் உராய்வைக் கூட்டுவதுதான். சுமாரான கிராமத்து ரோட்டில் சாதாரண டயருக்கு உராய்வுக் கெழுவை 0.008 என்று வைத்துக்கொள்வோம். எனக்கும் அவனுக்கும் வித்தியாசம் சுமார் 7 கிலோ. 7 × 9.81 × 0.008 = 0.55 நியூட்டன். 40 கிலோமீட்டருக்கு இதைப் பெருக்கினால் 22 கிலோஜூல். நம் உடம்பு சாப்பாட்டில் கால்வாசியைத்தான் மிதியாக மாற்றும் என்று கொண்டாலும், செலவு சுமார் 21 கலோரி. அதாவது ஏறக்குறைய ஒரு மேரி பிஸ்கட்!

இப்போது காற்றைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் டெல்டாவில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கல்லணைக்குப் போகிறவனுக்கு அது நேராக முகத்தில். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில்லாமல் போனால் காற்றின் எதிர்ப்பு சுமார் 7 நியூட்டன். எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் லேசான காற்று வந்தாலே அது 19 நியூட்டனுக்கு அருகே போய்விடும். நிமிர்ந்து உட்கார்ந்த ஆளுக்கு, முன்பரப்பும் இழுவைக் கெழுவும் சேர்ந்து 0.6 சதுர மீட்டர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அகலமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டை இந்த எதிர்ப்பை வெறும் 10 சதவீதம் கூட்டினாலும், அதுவே கிட்டத்தட்ட 1.9 நியூட்டன். ஏழு கிலோவின் உராய்வைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆக, முதல் பாடம்: சமதரையில் மிதிக்கும்போது எடையைவிட மூட்டையின் அகலம்தான் உங்களை அதிகம் இழுக்கும். பாயைக் கேரியரில் குறுக்காகக் கட்டாதீர்கள், நீளவாக்கில் கட்டுங்கள். மூட்டை உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எடையைக் குறைக்கவே வேண்டாமா? வேண்டும். எதற்கு என்பதுதான் வேறு.

குடம் கட்டுகிறவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்

நம்ம ஊரில் சைக்கிளில் தண்ணீர்க் குடம் கொண்டுபோகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குடம், சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கும். இளநீர் விற்கிறவரும் குலைகளை இரண்டு பக்கமும் சமமாகத்தான் தொங்கவிடுவார். யாரும் தலைக்குமேல் அடுக்குவதில்லை. சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது அதைக் கீழே தள்ளும் திருப்புவிசை, எடை இருக்கும் உயரத்தைப் பொறுத்தது. ஒரே பொருளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அரை மீட்டருக்கு இறக்கினால் திருப்புவிசையும் பாதியாகும்.

முதுகுப் பை இதற்கு நேர் எதிர். எடை மிக உயரத்தில் இருக்கும், அதோடு நீங்கள் அசையும்போதெல்லாம் அதுவும் அசையும். திருவையாறு தாண்டுவதற்குள் எனக்குத் தோள் இறுகி, மணிக்கட்டு மரத்து, முதுகு முழுக்க வேர்த்து ஊறிவிட்டது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். ஆகவே இரண்டாம் பாடம்: உங்கள் உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் சைக்கிளில்தான்.

என் இப்போதைய மூட்டை

அந்தப் பயணத்துக்கு அப்புறம் 800 ரூபாய்க்கு ஒரு கேரியர் மாட்டினேன். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதியது இது.

கீழே, இரண்டு கட்டைப்பைகளில் (3.2 கிலோ): ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பக்கத்துக்கு ஒன்றாக, 2 கிலோ. பஞ்சர் கிட், ஸ்பேனர், சின்ன பம்ப், ஸ்பேர் டியூப் எல்லாம் சேர்த்து 700 கிராம். புளிச்சாதப் பொட்டலம் 500 கிராம்.

கேரியர் மேலே (2 கிலோ): பிளாஸ்டிக் பாய் 600, மெல்லிய தார்ப்பாய் 500, ஒற்றை ஆள் கொசுவலை 400, பருத்திப் போர்வையும் லுங்கியும் 500. இடம் அடைக்கும், ஆனால் கனக்காது. அதனால்தான் மேலே.

ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை (1.4 கிலோ): மாற்றுத்துணி ஒரு செட் 350, துண்டு 150, ரெயின்கோட் 300, பவர் பேங்க் 250, தலையில் மாட்டும் டார்ச் 100, ஓஆர்எஸ், பேண்டேஜ் 150, பத்து மீட்டர் நைலான் கயிறு 100.

தண்ணீர் இல்லாமல் 4.6 கிலோ. விலை உயர்ந்த பொருள் இதில் ஒன்றுகூட இல்லை. எடை குறைந்தது வாங்கியதால் அல்ல, எடுக்காமல் விட்டதால். விட்டவை எவை, ஏன் என்று சொல்கிறேன்.

*ஸ்லீப்பிங் பேக்:* தஞ்சாவூரில் மார்கழியில்கூட ராத்திரி குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான். மலைக்கான பைக்குள் இங்கே படுத்தால் இட்லிதான். போர்வை போதும்.

*டென்ட்:* காற்று வராது, உள்ளே புழுங்கும். நமக்கு வேண்டியது கொசுவலையும், பனியும் தூறலும் இறங்காமல் மேலே ஒரு தார்ப்பாயும்தான். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். இது கொசுவுக்காக மட்டும் இல்லை. வயல்காட்டில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது. சந்தேகம் வந்தாலும் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

*அடுப்பு:* நெல் விளையும் ஊருக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனது என் வாழ்க்கையின் பெரிய காமெடி. சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை, ஊருக்கு ஒரு மெஸ். திருவையாற்றில் அசோகா அல்வாவே கிடைக்கிறது. ராத்திரிக்குப் புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், மறுநாள் காலைவரை கெடாது. தயிர்சாதம் இந்த வெயிலுக்குத் தாங்காது.

கட்டுவதற்கு ஆன்லைனில் பஞ்சி கார்ட் தேட வேண்டாம். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேளுங்கள், நீளவாக்கில் அறுத்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டுகிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது இதுதான். ரப்பர் இழுத்துப் பிடிக்கும், குழியில் குலுங்கினாலும் தளராது. கட்டைப்பையின் அடிப்பக்கத்தையும் கேரியர் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லையென்றால் பைக் காது ஸ்போக்கில் மாட்டும். பெடல் சுற்றும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். பின் டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

குறைவாக எடுத்துப் போவது புதுசாக வந்த ஃபேஷன் இல்லை. 1884-இல் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் முன்சக்கரம் மிகப் பெரிதாக இருக்கும் பழைய மாடல் சைக்கிளில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் உலகச் சுற்றை முடித்தார். வழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டையும் மிதித்துக் கடந்தார். கிளம்பும்போது அவர் எடுத்த மூட்டை: காலுறைகள், ஒரு மாற்றுச்சட்டை, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. மழைக்கோட்டுதான் கூடாரம், அதுவேதான் படுக்கை. நமக்குத் துப்பாக்கி வேண்டாம், லுங்கி போதும். உடுத்தலாம், போர்த்தலாம், மறைப்பாகக் கட்டலாம், மூட்டையாகவும் முடியலாம்.

ராத்திரி பத்து மணி

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

இருட்டுவதற்குள் திருக்காட்டுப்பள்ளிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. காவிரி வறண்டு கிடந்தது. வெள்ளை மணல், நல்ல காற்று. "இதைவிட நல்ல இடம் எங்கடா கிடைக்கும்?" என்று சைக்கிள்களை ஆற்றுக்குள் உருட்டிப் போனோம். நான் அரைமணி நேரம் போராடி டென்ட் போட்டேன். கண் அசரும் நேரம், கரையிலிருந்து டார்ச் வெளிச்சம். வயலுக்குத் தண்ணீர் பார்க்க வந்த பெரியவர் ஒருவர்.

"தம்பி, கல்லணையத் தொறந்துட்டாங்க, தெரியாதா? மேல வந்து படுங்க. தண்ணி ராத்திரி, பகல் பாத்தா வரும்?"

அவன் கொசுவலையை உருவி, பாயைச் சுருட்டி, ரப்பரைப் போட்டு இழுத்துக் கரை ஏறிவிட்டான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. நான்? டென்ட் கம்பியைக் கழற்றத் தெரியாமல், ஸ்லீப்பிங் பேக் உறைக்குள் போகாமல், இருட்டில் அடுப்பின் மூடியைத் தேடிக்கொண்டு அரைமணி நேரம். சைக்கிளைப் பையோடு சேர்த்துக் கரை ஏற்ற முடியவில்லை. அவன் இரண்டு முறை இறங்கி வந்து என் சாமானைத் தூக்கினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பெரியவர் தன் பம்புசெட் கொட்டகைத் திண்ணையைக் காட்டினார், அங்கேயே படுத்தோம்.

காலையில் பார்த்தபோது நாங்கள் பாய் விரித்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளமெல்லாம் இல்லை, முழங்கால் அளவுதான். ஆனால் தூக்கத்தில் இருப்பவனுக்கு முழங்கால் அளவே அதிகம்.

எடைக்கு நாம் கொடுக்கும் விலை பெடலில் தெரியாது, சைக்கிளைவிட்டு இறங்கும்போதுதான் தெரியும். கரை ஏற்றும்போது, வாய்க்காலைத் தாண்டும்போது, ராத்திரியில் உடனே இடம் மாற வேண்டியிருக்கும்போது. மிதிக்கையில் ஒரு பிஸ்கட்டாக இருந்த ஏழு கிலோ, அன்று ராத்திரி எனக்கு அரைமணி நேரமாக மாறியது.

எங்கே படுக்கலாம், எப்போது போகலாம்

ஆற்று மணலில் படுக்கவே படுக்காதீர்கள், எந்த மாதமாக இருந்தாலும். மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. சில நாளில் தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். உபரி கொள்ளிடத்தில் போகும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, முக்கொம்பில் 1830-களில் கட்டிய பழைய கொள்ளிடம் அணையின் பல மதகுகள் உடைந்து போயின. ஆறு நமக்குச் சொல்லிவிட்டு வராது. கிளம்பும் முன்பு அணைத் திறப்புச் செய்தியைப் பாருங்கள்.

டெல்டாவில் ஆளில்லாத நிலம் என்று எதுவும் இல்லை. எல்லாம் யாரோ ஒருவருடைய வயல், யாரோ ஒருவருடைய களம். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய், "ஐயா, இன்னைக்கு ஒரு ராத்திரி இங்க படுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும், கூடவே டீயும் கிடைக்கும்.

நல்ல பருவம் பொங்கலுக்கு அப்புறம், ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சம்பா அறுவடை நேரம் என்பதால் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், ஓரமாக இறங்கித் தள்ளிப் போங்கள்.

கிளம்பும் முன் ஒரு பிராக்டிகல்

மூட்டையைக் கட்டி முடித்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, சாமான் கட்டிய சைக்கிளை ஹாஸ்டல் முதல் மாடிக்குத் தனியாகத் தூக்கிப் போங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கினால் பையைத் திறந்து ஏதாவது ஒன்றை வெளியே எடுங்கள். இரண்டு, ரூமில் பாய், வலை எல்லாம் விரித்துவிட்டு லைட்டை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் திரும்பக் கட்டுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் முடித்தால் பாஸ்.

நான் முதல் தடவை 11 நிமிஷம் எடுத்தேன். அரியர். நாலாவது தடவைதான் கிளியர் பண்ணினேன்.