விற்கிற வீட்டை முதல்ல நீங்க பாருங்க

திருப்போரூர்ல இருக்கிற வீட்டை வித்துடலாம்னு முடிவு பண்ணியாச்சா? உடனே பெயிண்ட் கடைக்கு ஓடாதீங்க, தங்கச்சிங்களா. ரெண்டு கோட்டு இழுத்துட்டு புரோக்கருக்கு போன் போடுறதுதான் ஊர் வழக்கம். ஆனா இப்ப ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்குற பிள்ளைங்க பெரும்பாலும் லோன் போட்டுத்தான் வாங்குறாங்க. பத்திரத்தை வக்கீலும் கட்டடத்தை இன்ஜினீயரும் பார்த்த பிறகுதான் பேங்க் பணம் விடும். புதுப் பெயிண்டுக்குப் பின்னாடி இருக்கிற ஈரத்தை அந்த இன்ஜினீயர் கண்டுபிடிச்சா, பேசின விலை அன்னைக்கே இறங்கும். அவருக்கு முன்னாடி நீங்களே ஒரு இன்ஜினீயரைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. வீட்டைக் கட்டின மேஸ்திரி மட்டும் வேண்டாம். தன் வேலையில குறைன்னு எந்த மனுஷன் சொல்வான்?

நம்ம பக்கத்து வீடுகளுக்குப் பெரிய சீக்கு கம்பித் துரு. கோவளத்துலேருந்து நெம்மேலி, மாமல்லபுரம் வரைக்கும் உப்புக்காத்துதானே! உப்பு கான்கிரீட்டுக்குள்ள இறங்கினா கம்பி துருப்பிடிச்சு உப்பி, மேல இருக்கிற காரையைத் தள்ளிடும். கடற்கரைக் கட்டடத்துல கம்பிக்கு மேல 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்கணும்ங்கிறது ஐ.எஸ். 456 விதி. பழைய வீடு கட்டினப்ப அதை யார் அளந்து பார்த்தாங்க? சன்ஷேடு, பால்கனியோட அடிப்பக்கம், தண்ணி டேங்க் நிக்கிற தூண், இங்கெல்லாம் கம்பி போற வாக்குல நீளமா வெடிப்போ பழுப்புக் கறையோ இருக்கான்னு பாருங்க. சின்னச் சுத்தியலால தட்டினா கணீர்னு கேட்கணும். பொத்துன்னு கேட்டா உள்ளே பிரிஞ்சிருக்கு. அதுமேல சிமென்ட் பூசி மறைக்கிறது வீண் செலவு. பெயர்ந்ததை உடைச்சு எடுத்து, கம்பியைத் தேய்ச்சு, துரு தடுக்கிற பூச்சு கொடுத்து, அப்புறம்தான் பூசணும்.

மொட்டை மாடியை ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே பார்த்துட்டா நல்லது. தண்ணி எந்த மூலையில தேங்குது, வடிகுழாய் வாய் அடைச்சிருக்கான்னு கண்ணாலேயே தெரியும். கூடவே, 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரை கடந்தப்ப உங்க தெருவுல தண்ணி நின்னுச்சான்னு ஞாபகப்படுத்தி வைங்க. வாங்க வர்றவங்க பக்கத்து வீட்டுல விசாரிப்பாங்க. உங்க பதிலும் அவங்க பதிலும் ஒண்ணா இருக்கணும்.

போர் தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வுக்கூடத்துல கொடுத்துப் பாருங்க. குடிக்கிற தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியில்லாத இடத்துல 2000 வரைக்கும் விடலாம்ங்கிறது இந்தியத் தர அளவு. கரையான், செப்டிக் டேங்க், எர்த் கம்பி இதெல்லாம் இன்ஜினீயர் வர்ற அன்னைக்கே முடிஞ்சிடும்.

கட்டடத்தை விட காகிதம்தான் ஆளை அலைய வைக்கும். பிளான்ல இல்லாம மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கீங்களா? பட்டா இன்னும் மாமனார் பேர்லயே கிடக்கா? வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையத்துலேயே பார்த்துடலாம். 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வாங்கின அங்கீகாரமில்லாத மனைன்னா, வரன்முறை ஆணை கையில இருக்கணும். கந்தசாமி கோயில் நிலம், ஆளவந்தார் அறக்கட்டளை நிலம்னு நம்ம சுத்துவட்டாரத்துல நிறைய இருக்கு. சர்வே நம்பரை ஒரு தடவை ஒத்துப் பார்த்துடுங்க. மாமல்லபுரத்துல பாதுகாக்கப்பட்ட சின்னத்துலேருந்து 100 மீட்டருக்குள்ள இருக்கிற வீடுன்னா, ரிப்பேருக்கே தொல்லியல் அனுமதி வேணும். அடுத்த 200 மீட்டருக்கும் கட்டுப்பாடு உண்டு.

எல்லாத்தையும் சரி பண்ணிட்டு விற்கணுமான்னு கேட்பீங்க. வேண்டாம். கம்பியும் ஒழுகலும் சரி பண்ணுங்க. புது மாடுலர் கிச்சன், டைல்ஸுக்குப் போடுற காசு திரும்ப வராது. மிச்சக் குறையைச் சொல்லி விலையைக் குறைச்சுக்கலாம். தெரிஞ்சே மறைக்க மட்டும் நினைக்காதீங்க. வாங்கறவர் சாதாரணமாப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத, உங்களுக்குத் தெரிஞ்ச முக்கியமான குறையை நீங்களே சொல்லியாகணும்னு 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தோட 55-வது பிரிவு சொல்லுது. பத்திரம் பதிஞ்ச பிறகும் அதை வச்சு உங்க மேல கேஸ் போடலாம்.