மிருகக்காட்சிச்சாலைக்கு ஒரு நாள்: கடன்படாமல் போய் வருவோம்



"கொழும்புக்குப் போனா சிங்கம், யானை, கடல் மீன் எல்லாம் பார்க்கலாமாம்" என்று பிள்ளைகள் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று நாமும் சொல்லிக்கிட்டே இருப்போம். அப்படியே பிள்ளை வளர்ந்து வேலைக்கும் போய்விடும். பணம் இல்லாதது மட்டும் இதற்குக் காரணமல்ல. முன்கூட்டியே திட்டமிடாததும் ஒரு காரணமே.

எங்கே போவது?

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 11 கிலோமீற்றர். வெளிநாடுகளுக்கு அனுப்பும் மிருகங்களை வைத்திருக்க ஜோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மானியர் 1920களில் அமைத்த இடம் இது. 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. மீன் காட்சியகமும் உள்ளேயே இருக்கிறது. யானை பார்த்தால் போதும் என்றால், ரம்புக்கனைக்கு அருகே 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயம் நமக்குக் கிட்ட.

ரயிலில் போனால் கோட்டையில் இறங்கி, கரையோர ரயிலில் தெஹிவளைக்குப் போகலாம். வழியெல்லாம் பிள்ளைகள் கடலைப் பார்க்கலாம். 2025 நவம்பரில் டிட்வா புயலால் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

காசுக் கணக்கு

ஒரு கொப்பியில் ஐந்து வரி எழுதுங்கள்:

1. போக வர பயணச் செலவு
2. நுழைவுச்சீட்டு (பெரியவர்கள், சிறுவர்கள் தனித்தனியாக)
3. சாப்பாடு, தேத்தண்ணி
4. அவசரத்துக்குக் கொஞ்சம்
5. வேலைநாளில் போனால் இழக்கும் பேர்

ஐந்தாவது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பேர் போகாது. ஆனால் கூட்டம் இருக்கும். காலையிலேயே உள்ளே போய்விட்டால் நல்லது.

மொத்தத்தை ஆறால் வகுத்து, ஆறு மாதம் சேருங்கள். மாதம் 1,500 ரூபா என்றால் ஆறு மாதத்தில் 9,000 ரூபா. தீபாவளி அட்வான்ஸில் கை வைக்க வேண்டாம். வட்டிக்கு வாங்கவும் வேண்டாம். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஆறு மாதம் சம்பளத்தில் கழிந்தால், பிள்ளையின் கொப்பி, சப்பாத்துக்குத்தான் முதலில் குறை வரும்.

லயத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்தால் செலவு பகிர்ந்துபோகும். டிரைவர் சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் சேர்த்தா என்று முன்னரே பேசி முடியுங்கள். குடித்துவிட்டு வருபவரை ஏற்றுவதில்லை என்பதையும் எல்லோரும் முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள்.

கையோடு கொண்டுபோக

ரொட்டியும் கட்டாச் சம்பலும் மதியம்வரை கெடாது. தேங்காய்ச் சம்பல் வெயிலில் ஊசிப்போகும். கொதித்தாறிய தண்ணீர், குடை, வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஒரு பை, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றை மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோர் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். தவறிவிட்டால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிலேயே காட்டிக் கொடுங்கள்.

பார்த்துப் படிக்க

ஒவ்வொரு கூட்டின் முன்னும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எங்கே வாழும்? என்ன தின்னும்? நம்ம மலையில் இருக்கா? மீன் தொட்டியில் மீனின் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். மிருகங்களுக்கு நாம் எதுவும் தின்னக் கொடுக்கக் கூடாது.

சிறுத்தைக் கூட்டின் முன் கொஞ்சம் நில்லுங்கள். சிங்கமும் வரிப்புலியும் நம் நாட்டுக் காட்டில் இல்லை. சிறுத்தையோ நம் தேயிலை மலைகளிலேயே நடமாடுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கு வைக்கும் சுருக்கு, பன்றி எது சிறுத்தை எது என்று பார்ப்பதில்லை. விறகுக்குப் போகும் நம் பிள்ளையின் காலையும் அது பார்க்காது. பிள்ளைகளுக்கு இதை அந்தக் கூட்டின் முன்னேயே சொல்லுங்கள்.

பொம்பளைப் பிள்ளை என்று யாரையும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள். அம்மாவும் அன்றைக்குச் சமையலுக்காகப் பின்தங்கக் கூடாது. அவருக்கும் அது ஓய்வு நாள்தான்.

இந்த மாதச் சம்பள நாளன்றே கொப்பியை எடுத்து முதல் வரியை எழுதுவோம்.