லைன் வீட்டில் கிதார்: எந்த ஆம்ப் வாங்கலாம்?

திருப்பூர் லைன் வீடுகளில் ஒரே சுவர்தான் இரண்டு குடும்பத்துக்கும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் காலையில்தான் கண் அயர்வார். அங்கே எலெக்ட்ரிக் கிதார் பழகுபவர்கள் ஆம்ப் வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான்.

மற்றவை ஒன்றாக இருந்தால், 20 வாட்ஸ் ஆம்பைவிட 10 வாட்ஸ் ஆம்பின் உச்ச ஒலி 3 டெசிபல்தான் குறைவு. காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கெயினுக்கும் வால்யூமுக்கும் தனித்தனி நாப் இருக்கிறதா என்று பாருங்கள். கெயினை ஏற்றி வால்யூமை இறக்கினால், டிஸ்டார்ஷன் குறையாமல் சத்தம் மட்டும் அடங்கும்.

ஹெட்போன் ஜாக் கட்டாயம் வேண்டும். 6 அங்குல ஸ்பீக்கருள்ள ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி-யில் அது உண்டு. 3 வாட்ஸ் பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பேட்டரியிலும் ஓடும். கரண்ட் போனாலும் கவலையில்லை. பட்ஜெட் இன்னும் சின்னதா? வாக்ஸ் ஆம்பிளக் கிதாரிலேயே செருகும் கையடக்கக் கருவி. ஸ்பீக்கரே கிடையாது, ஹெட்போனில் மட்டும் கேட்கும். லைன் வீட்டுக்கு இதுவே முதல் தேர்வு.

சுவரையும் தரையையும் கடந்து போவது பெரும்பாலும் பேஸ் ஒலி. ஆம்பைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள். முக்காலியில் பனியன் வேஸ்ட் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பேஸ் நாபைக் குறையுங்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிதாரையே எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் வைக்கப்போகும் அதே தாழ்ந்த வால்யூமில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.