தண்டனையும் சன்னதும்

கொடுங்குற்றம் புரிந்தாரெனத் தீர்க்கப்பட்ட வழக்கறிஞரொருவர், சிறைவாசம் கழிந்தபின் மீண்டும் நீதிமன்றத்தில் எழுந்து பிறர்க்காக வாதாடலாமோ? சிறையிலிருந்த நாட்களே போதும், ஒரு குற்றத்திற்கு இரு தண்டனையா என்பர் சிலர். சன்னதை நீக்குதல் தண்டனையன்று. கட்சிக்காரர் தம் பணத்தையும் பத்திரங்களையும் அந்தரங்கங்களையும் வழக்கறிஞரிடம் ஒப்புவிக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு அவர் உரியவரோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1879-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதனை நன்குணர்ந்தது. குற்றத்தீர்ப்பு ஒன்றே போதாது. அக்குற்றம் தொழிலுக்குத் தகாத குணக்கேட்டைக் காட்டுவதாகவும் இருத்தல் வேண்டும் என்றது. பொய்ப்பத்திரம் புனைந்தவனுக்கும், கட்சிக்காரன் பணத்தைக் கையாடினவனுக்கும் இவ்வளவுகோல் எளிதிற் பொருந்தும். ஏனையோர்க்கு?

ஆஸ்திரேலியாவில் குடிபோதையில் மோட்டார் ஓட்டி ஒருவர் மரணத்துக்குக் காரணமாயினாரென்று ஒரு பாரிஸ்டர் தண்டிக்கப்பட்டார். அவர் பெயரும் பட்டியலினின்று நீக்கப்பட்டது. 1957-இல் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஐவருள் மூவர், குற்றத்தின் பெயரை மட்டும் நோக்காது நிகழ்ந்ததையும் நோக்கவேண்டுமெனக் கூறி, சிறைவாச காலத்துக்கு மட்டும் தொழிலை நிறுத்திவைத்தனர். எஞ்சிய இருவர் இசைந்திலர். மூவர் பக்கமே நியாயமென எனக்குத் தோன்றுகிறது. எனினும் இறந்தவன் சுற்றத்தார் அங்ஙனம் கருதார்.

நம் நாட்டில் இப்பொழுது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமே நடைபெறுகின்றது. நடத்தை தவறினவரைக் கண்டிக்கவும், சில காலம் நிறுத்தவும், அறவே நீக்கவும் வழக்கறிஞர் மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அதிகாரமுண்டு. புதிதாய்ச் சேர விரும்புவோர் ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருப்பின் சேர்தற்கில்லை. ஆயின் விடுதலையாகி இரண்டாண்டு கழிந்தால் அத்தடையும் நீங்கும். குணம் திருந்துதற்கு நாட்கணக்கு இட்டது விந்தையே.

இராஜநிந்தனைக் குற்றத்திலோ இவ்வளவுகோல் முற்றும் பிறழ்ந்தது. 1922-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பெற்ற காந்தியடிகளின் பெயரை, லண்டன் இன்னர் டெம்பிள் அவ்வாண்டு நவம்பரில் நீக்கியது. மீண்டும் சேர்த்தது 1988-இல். அடிகள் மறைந்து நாற்பதாண்டுக்குப் பின். 1908-இல் தண்டிக்கப்பெற்ற வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912-இல் விடுதலையாகியும், சன்னதிழந்தமையால் குடும்பத்துடன் வறுமையில் உழன்றார். பிற்காலத்தில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் முயற்சியால் அவர் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவிற்பட்டியில் மறுபடியும் வழக்காடலாயினார். தம் மகனொருவனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.