சென்னையில் கண்டுபிடித்த சிறுகோள்



செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று பாடத்தில் படித்தோம். அதில் ஒன்றை நம்ம சென்னையிலிருந்து கண்டுபிடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அதன் பெயர் சில்வியா. வரிசை எண் 87.

கண்டுபிடித்த விதம்:
1866 மே 16. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சன் இதைக் கண்டுபிடித்தார். புகைப்படம் எடுத்துச் சிறுகோள் தேடும் முறை 1891-ல்தான் வந்தது. அதனால் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்து, விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிடணும். விண்மீன்கள் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருக்கும். சிறுகோளும் பார்க்க ஒரு புள்ளிதான். ஆனா மறுநாள் ராத்திரி பார்த்தா விண்மீன்களுக்கு நடுவே கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதுதான் அடையாளம்!

சுற்றுப்பாதை:
சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கி.மீ. தூரம். பூமி இருப்பதைப்போல மூன்றரை மடங்கு. ஒருமுறை சுற்றிவர ஆறரை வருஷம் ஆகும். எனக்கு 14 வயசு. சில்வியா கணக்குப்படி இப்பதான் 2 முடிஞ்சிருக்கு! தன்னைத்தானே சுற்ற 5 மணி 11 நிமிடம் போதும். குறுக்களவு சுமார் 270 கி.மீ.

எடை போட்டது எப்படி?
அவ்ளோ தூரத்துல உள்ள கல்லைத் தராசில் வைக்க முடியுமா? இங்கேதான் ஆச்சரியம். சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு. ரோமுலஸை 2001-ல் கண்டுபிடித்தார்கள். ரெமஸை 2005-ல் அறிவித்தார்கள். இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் தெரியவந்தது இதுதான். ரோமுலஸ் சுமார் 1,350 கி.மீ. தள்ளி, ஏறக்குறைய 88 மணி நேரத்தில் சுற்றுகிறது. ஈர்ப்பு விசை அதிகமா இருந்தா நிலா வேகமாச் சுற்றும். ஆக, தூரமும் நேரமும் தெரிந்தால் சில்வியாவின் நிறையைக் கணக்கிடலாம்.

அந்த நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. நாம படிக்கிற அதே சூத்திரம்தான்! விடை ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.4 கிராம். தண்ணீர் 1, கருங்கல் சுமார் 2.7. அப்படின்னா சில்வியா முழுசும் கெட்டிக் கல்லா இருக்க முடியாது. உள்ளே வெற்றிடமோ பனிக்கட்டியோ கலந்திருக்கணும்.

போக்சன் பார்த்தது ஒரு புள்ளி. அதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ல 135 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அவர் அந்தப் புள்ளியை விட்டிருந்தா?

அந்த வானாய்வகத்தின் கல்தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். சென்னைக்குப் போனால் பார்க்கணும் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். நீங்களும் குறிச்சுக்கோங்க!